வயசான காவல் நாய் கத்திரி வெயிலைத் தாங்குமா?

கால்நடைப் பக்கம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, வணக்கம். தாராபுரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டமும் அதை ஒட்டிக் கொஞ்சம் கொறங்காடும் இருக்கிறது. முப்பது ஆடு வளர்க்கிறோம். பட்டிக் காவலுக்கு மணி என்று ஒரு நாய். நாட்டு நாய்தான், கோம்பைக் கலப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். செவலை நிறம், 20 கிலோ இருக்கும். வயசு 11 ஆகிறது. வெறிநாய்த் தடுப்பூசி வருஷம் தவறாமல் போட்டிருக்கிறோம். போன வருஷம் வரை காலை 9 மணிக்கு ஆட்டோடு கொறங்காட்டுக்குப் போய், சாயங்காலம் 5 மணிக்கு ஆட்டோடுதான் திரும்பும். இப்போது பாதி வழியில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பட்டி ஓரத்துத் தகரக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறோம். பங்குனி பிறந்ததிலிருந்து பகல் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது. மத்தியானச் சோற்றைத் தொடுவதில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் குரைக்கிற சத்தமும் கம்மிவிட்டது. போன கோடையில் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒரு மத்தியானம் சுருண்டு விழுந்து செத்ததை என் பிள்ளைகள் பார்த்தார்கள். மணிக்கும் அப்படி ஆகுமா என்று தினமும் கேட்கிறார்கள். முடியை வழித்துவிட்டு, மத்தியானத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் கொழுந்தனார். காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள் சிலர். மாமனாரோ, 'வயசாயிருச்சு, சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு ஒரு குட்டி வாங்கிக்கலாம்' என்கிறார். வீட்டுக்காரர் திருப்பூரில் கம்பெனி வேலை. வாரம் ஒரு நாள்தான் வருவார். ஆட்டையும் நாயையும் பார்ப்பது நான்தான். கத்திரி பிறப்பதற்குள் பதில் சொன்னால் நல்லது.
– ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: சகோதரி, மணியை இந்தக் கோடையைத் தாண்ட வைக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே பாதி வழி இருக்கிறது. ஆடு காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம் 5 மணிக்குத்தான் திரும்புகிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்த எட்டு மணி நேரமும் மணி காவல் காப்பது காலிப் பட்டியை. ஒரு நாளில் வெயில் கொடுமையாக இருப்பதும் அதே எட்டு மணி நேரம்தான். ஆகவே முதல் வேலையாக, ஆடு வெளியே போனதும் மணியைத் தகரக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஆடு திரும்பி, பொழுது சாய்ந்த பிறகு பட்டிக்குக் கொண்டுவந்தால் போதும். திருடனும் நரியும் வருவது ராத்திரியில்தானே.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்து மெத்தையில் கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவுதான். அது உடம்புச் சூட்டை இறக்குவது இளைப்பில். வேகவேகமாக மூச்சு விடும்போது நாக்கு, வாய், மூக்கின் உட்பக்கம் ஆகிய இடங்களில் உள்ள ஈரம் ஆவியாகும். அந்த ஆவியோடு சூடும் போகும். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. இதற்கு மூன்று தேவை: உடம்பில் போதிய தண்ணீர், மூச்சுக்குழலில் தடையில்லாத வழி, சுற்றிலும் ஓரளவு காய்ந்த காற்று. மழை வருவது போல மூடிக்கொண்டு, வராமல் புழுங்குகிற நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. 'இன்றைக்கு வெயிலே இல்லையே' என்று நாம் கவனிக்காமல் விடுகிற அந்த நாட்களில்தான் பல நாய்கள் மாட்டிக்கொள்கின்றன.

வயசான நாய்க்கு இருதயமும் நுரையீரலும் முன்போல் ஓடாது. இன்னொன்றும் உண்டு. இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டிருப்பதால் எழுந்து நடப்பதே வலி. தாகம் எடுத்தாலும் பத்தடி தள்ளியிருக்கிற தண்ணீருக்கு எழுந்து போகாமல் படுத்தே கிடக்கும். நிழல் நகர்ந்து வெயில் மேலே விழுந்தாலும் அப்படித்தான். இளசு தானே இடம் மாறிக்கொள்ளும். கிழட்டு நாய்க்கு நாம்தான் இடம் பார்க்க வேண்டும்.

எங்கே கட்டுவது?

தகரம் வெயிலை மறைக்கும், சூட்டை மறைக்காது. 40 டிகிரி வெயிலில் தகரத்தின் அடிப்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு முழுவதும் கீழே படுத்திருக்கிற நாயின் மேல்தான் இறங்குகிறது. மரத்து நிழல் வேறு மாதிரி. இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் அதன் கீழே நிஜமாகவே குளிர்ச்சி இருக்கும். உங்கள் பக்கம் வேம்பும் புங்கனும் இல்லாத தோட்டம் இருக்காது. இரண்டில் எதன் அடியில் வேண்டுமானாலும் கட்டலாம். புங்கனாக இருந்தால் இன்னும் விசேஷம். கொறங்காட்டு வெள்வேல மரம் நிழல் தராமல் இல்லை, ஆனால் அடியில் முள் கிடக்கும், பாவம்.

ஒரு நாள் நீங்களே காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலையில் நல்ல நிழலாக இருக்கிற இடம் மூன்று மணிக்கு வெட்டவெளி வெயிலாக இருக்கும். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சுற்றி முழம் நீளத்துக்கு வந்து, நாய் வெயில் பக்கமே மாட்டிக்கொண்டு கிடப்பதும் நடக்கிறது. இதற்கு ஒரு சுலபமான ஏற்பாடு: இரண்டு மரத்துக்கு நடுவில் ஆள் உயரத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, சங்கிலியை அந்த வளையத்தில் மாட்டுங்கள். நாய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரலாம், சுற்றிக்கொள்ளாது. அவிழ்த்தே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். வேலி நன்றாக இருந்து, ரோடு தூரமாக இருந்தால் தாராளமாக விடலாம். அவிழ்த்து விட்ட நாய் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ வாழைக் கட்டையடியிலோ தானே ஈரமண்ணைப் பறித்துப் படுத்துக்கொள்ளும். பறிக்கட்டும், விரட்டாதீர்கள். ஆனால் டிராக்டருக்கும் டெம்போவுக்கும் அடியில் படுக்கிற பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வயசான நாய்க்குக் காது மந்தமாகியிருக்கும். வண்டியை எடுக்கிற சத்தத்துக்கு எழுந்துகொள்ளாது.

ராத்திரிக்குத் தகரக் கொட்டகைதான் என்றால் அதையும் கொஞ்சம் சரிசெய்யுங்கள். தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் போட்டுத் தென்னங்கீற்றை வேயுங்கள். சோளத்தட்டைப் போட வேண்டாம், அது மாட்டுக்கு ஆகட்டும். அதுவும் முடியாவிட்டால் தகரத்துக்கு மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். பக்கவாட்டில் மறைப்பு இருந்தால் காற்று வருகிற பக்கத்தையாவது திறந்துவிடுங்கள். ஈரச்சாக்கைத் தொங்கவிடுகிறவர்கள் காற்றோட்டம் இருக்கிற பக்கம் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் அடைத்து ஈரச்சாக்கு போட்டால் உள்ளே புழுக்கம்தான் சேரும்.

தரை சிமெண்டாக இருந்தால் பகல் சூட்டை ராத்திரி பத்து மணி வரை வைத்திருக்கும். புறங்கையை ஏழெட்டு விநாடி தரையில் அழுத்திப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அது நாய்க்கும் ஆகாது. மண் தரையாக்கி லேசாகத் தண்ணீர் தெளித்துவிடலாம். படுக்கிற இடத்தில் மட்டும் காய்ந்த சாக்கை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். வற்றிய உடம்பு வெறுந்தரையில் படுத்தால் முழங்கையிலும் இடுப்பிலும் தோல் உரிந்து புண்ணாகும். கோடையில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்க ஒரு நாள் போதும். சாயங்காலம் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீரும் தீனியும்

சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. கோடையில் இது இரண்டு மடங்கானாலும் ஆச்சரியமில்லை. வாயகன்ற மண்சட்டி ஒன்றை இரண்டு செங்கல் மேல் வைத்து, படுக்கிற இடத்திலிருந்து எட்டுகிற தூரத்தில் நிழலில் வையுங்கள். செங்கல் எதற்கென்றால், கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்ட நாய்க்குத் தரை மட்டத்துக்குக் குனிவது சிரமம். அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் வாளியும் வெயில் பட்டால் வெந்நீர் ஆகிவிடும். காலையும் மத்தியானமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவி ஊற்றுங்கள். காட்டில் வெயிலில் கிடக்கிற ஓஸ் பைப்பைத் திறந்ததும் வருகிற முதல் தண்ணீர் கையைச் சுடும். அதை அப்படியே சட்டியிலோ நாய் மேலோ பிடிக்காதீர்கள், கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடியுங்கள். பிரிட்ஜ் தண்ணீர் கொடுத்தாலும் தவறில்லை.

மத்தியானம் சோறு தொடாததற்குக் கவலைப்பட வேண்டாம். வெயில் நேரத்தில் சாப்பிட்டால் செரிக்கிற வேலையிலேயே உடம்பு சூடாகும் என்பதால் நாயே தள்ளிவிடுகிறது. காலை 7 மணிக்குள் ஒரு வேளை, பொழுது இறங்கிய பிறகு ஒரு வேளை கொடுங்கள். அந்த இரண்டு வேளையும் சாப்பிடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ராகிக் களியோ சோறோ, அதில் தயிர் அல்லது அவித்த முட்டை சேர்த்துத் தண்ணியாகக் கரைத்து ஊற்றலாம். உப்பு போட வேண்டாம். வீட்டில் மிஞ்சிய சாம்பாரையும் வெங்காயம் நறுக்கிப் போட்ட கம்மங்கூழையும் ஊற்றாதீர்கள்; சின்ன வெங்காயமோ பெரிய வெங்காயமோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். மாம்பழக் காலம் என்பதால் இன்னொன்று: பிள்ளைகள் சப்பிப் போடுகிற மாங்கொட்டையை நாய் விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். கிழட்டு நாய்க்கு அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம் அது. கொட்டையைக் குப்பைக்குழியில் போட்டு மூடச் சொல்லுங்கள்.

முடியும் நாலு குடம் தண்ணீரும்

முடியை வழிக்க வேண்டாம். மணியுடையது குட்டை முடி. அதை வழித்தால் வெயில் நேராகத் தோலில் அடிக்கும், அவ்வளவுதான் மிச்சம். உதிர்கிற முடியைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் வாரிவிடுங்கள், போதும்.

கொழுந்தனார் சொல்கிற தண்ணீர் யோசனையில் பாதி சரி. தகரத்துக்கடியில், காற்றில்லாத இடத்தில் நாலு குடம் ஊற்றிவிட்டுப் போனால் அந்தத் தண்ணீர் அங்கேயே ஆவியாகி நாயைச் சுற்றிப் புழுக்கமாக நிற்கும். மரத்தடியில், காற்று வருகிற இடத்தில் நிறுத்தி, வயிறு, தொடையிடுக்கு, கால், கழுத்தின் அடிப்பக்கம் ஆகிய இடங்களை நனையுங்கள். முதுகில் மட்டும் ஊற்றினால் மேல்முடி நனைவதோடு சரி. மத்தியானம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை போதும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

வெயில் அடித்துவிட்டால்

பக்கத்துத் தோட்டத்து நாய்க்கு என்ன ஆனதென்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி மத்தியானத்தில் சுருண்டு விழுவது வெயில் அதிர்ச்சியாக இருக்கலாம். அது திடீரென்று வருவது போலத் தெரியும். முன்னாலேயே அடையாளம் காட்டும். நிழலுக்குக் கொண்டுவந்து கால் மணி நேரம் ஆகியும் இளைப்பு குறையவில்லை, நாக்கும் ஈறும் செங்கல் சிவப்பாக இருக்கின்றன, எச்சில் பசை போலக் கயிறு கயிறாக வடிகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடுகிறது என்றால் அப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். வாந்தி, ரத்தப் பேதி, வலிப்பு எல்லாம் அதற்கு அடுத்த கட்டம்.

மெடிக்கலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்கு அது காய்ச்சல், அதற்கு அது சரியான சூடு. 104-ஐத் தாண்டினால் குளிர்விக்கத் தொடங்குங்கள். 106 என்றால் உயிர் ஆபத்து.

இங்கேதான் எல்லோரும் நேரத்தை இழக்கிறார்கள். நாய் விழுந்ததும் வண்டி தேடுகிறார்கள், வண்டி வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது, அதுவரை உடம்பு உள்ளே வெந்துகொண்டே இருக்கிறது. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டுபோங்கள். லண்டன் ராயல் வெட்டினரி கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் இப்போது இதையே அழுத்திச் சொல்கிறார்கள். நிழலில் படுக்கவைத்துத் தொட்டித் தண்ணீரையோ போர்த் தண்ணீரையோ உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் முறத்தால் விசிறட்டும். தலையிலும் ஊற்றலாம், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும், ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்றெல்லாம் சொல்லித் தடுப்பார்கள். அதைக் கேட்டுத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் ஆபத்து. ஈரத்துணியால் போர்த்திவிட்டு உட்காருவதும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியே சூடாகி, போர்வை போலச் சூட்டை அடைத்துவிடும். உடம்புச் சூடு 103.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்குக் கீழே தானே இறங்கும். நினைவு தெளிந்து தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் பாலாடையால் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நாய் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைகிற தன்மையும் கெடுவது அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். வண்டிக்கு வழியில்லாவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவது நிற்கக் கூடாது. வண்டியில் ஏற்றும்போது கடித்துவிடும் என்று பயந்து வாயைக் கயிற்றால் கட்டாதீர்கள். வாயைக் கட்டினால் அது இளைக்க முடியாது. போகிற வழியிலேயே போய்விடும்.

காய்ச்சல் மாத்திரை விஷயத்தைக் கையால் தொட வேண்டாம். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை என்பதால் பாராசிட்டமால் இதைக் குறைக்காது. ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கிக் கொன்றே விடும். மூட்டு வலிக்கு நாய்க்கென்று தனி மருந்து இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய மூன்று

மணியின் குரல் கம்மியதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வயசான நாய்கள் சிலவற்றுக்குக் குரல்வளையைத் திறந்து மூடுகிற தசை செயலிழந்துவிடும். குரல் கம்மும், மூச்சு இழுக்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும், கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்துகொள்ளும். மூச்சு வழியே பாதி அடைத்திருப்பதால் இளைத்தாலும் சூடு போகாது. இப்படிப்பட்ட நாய்க்கு 35 டிகிரியே அதிகம். மணி பாதி வழியில் உட்காருவது மூட்டு வலியாலா, மூச்சாலா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணிக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறார்கள், குரல் கம்மியும் பல மாதம் ஆகிறது. தடுப்பூசி போடாத நாய்க்கு இரண்டு மூன்று நாளில் திடீரென்று குரல் மாறி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் போனால் வெறிநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்' என்று வாயில் கைவிடாதீர்கள். வெயிலால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது பொய். அது கிருமியால், கடியால் வருவது. நாக்கைத் தொங்கப்போட்ட நாயையெல்லாம் வெறிநாய் என்று அடிப்பதும் பாவம்.

இரண்டாவது, தண்ணீர் அதிகம் குடிப்பது. கோடையால் என்றால் வெயில் தணிந்த நாளில் குறையும். மணி பங்குனிக்கு முன்பிருந்தே குடித்ததா, ராத்திரியிலும் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம். காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை சுலபம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். 'நிறைய மூத்திரம் போகிறது' என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, உண்ணி. காது மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய், குளிர்ந்த விடிகாலையிலும் சுடும். ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். வெயில் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. மாட்டுக்கு வைத்திருக்கிற உண்ணி மருந்தைக் கண்ணளவாகக் கலந்து நாய்க்கு அடிப்பதும் கூடாது.

இந்த மூன்றுக்குமாகச் சேர்த்துக் கத்திரிக்கு முன்பே ஒரு நாள், காலை வெயில் ஏறுவதற்குள் மருந்தகத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். மே 4 வாக்கில் பிறந்தால் 28 வரை கத்திரி ஓடும், அதற்குள் அலைய வேண்டாம்.

மாமனார் சொல்வது

மாமனாரின் கவலை பட்டியைப் பற்றியது. முப்பது ஆட்டுக்குக் காவல் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பட்டியிலேயே வளர்ந்த நாயைச் சந்தைப் பக்கம் விட்டால், கண் மங்கி, காது மந்தமான அது ரோட்டிலோ மற்ற நாய்களிடமோ ஒரு வாரம் தாங்காது. பசியிலும் தாகத்திலும் துன்பப்படும் என்று தெரிந்தே பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவரிடம் சட்டம் பேச வேண்டாம், கணக்கைப் பேசுங்கள். குட்டி வாங்குவது நல்ல யோசனை, இப்போதே வாங்கலாம். ஆனால் மூன்று மாதக் குட்டி பட்டி காக்காது. அது காவலுக்கு ஆக ஒரு வருஷமாவது வேண்டும். ராத்திரி எந்தச் சத்தத்துக்குக் குரைக்க வேண்டும், எந்த ஆளுக்குக் குரைக்க வேண்டாம் என்பதைக் குட்டி பெரிய நாயோடு படுத்துத்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு வருஷத்துக்கு மணி இருந்தால் உங்களுக்குத்தான் லாபம். தீனி மட்டும் தனித்தனியாக வையுங்கள், குட்டி கிழவன் பங்கையும் பிடுங்கிவிடும். பகலில் குட்டி மேலே ஏறி விளையாடினால் பிரித்துக் கட்டுங்கள்.

கொறங்காட்டுக்கு மட்டும் மணியை இனி அனுப்ப வேண்டாம். அதுவாகப் பின்னால் வரப் பார்க்கும், பழக்கம் விடாது. ஆடு கிளம்பும் முன்பே மரத்தடியில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 9 வயசு. வெயில் வந்தால் மூக்கு நுனி சிவந்து தோல் உரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்க்கு வெயிலைத் தடுக்கும் கருநிறம் தோலில் இல்லை. காது நுனி, மூக்கு, அடிவயிறு மூன்றும் வெந்துபோகும். எண்ணெய் வெயிலைத் தடுக்காது. காலை 10 முதல் 4 வரை வெயில் படாமல் வைப்பதுதான் மருந்து. நாம் பூசுகிற சன்ஸ்கிரீனைத் தடவாதீர்கள். நாய் நக்கும், பலவற்றில் துத்தநாகம் இருக்கிறது, அது அதற்கு நஞ்சு. மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண் அல்லது தடித்த பொருக்கு இருந்தால் புற்றாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: தோப்பில் இளநீர் நிறைய இருக்கிறது. வயசான நாய்க்குத் தினமும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: சிறுநீரகம் நன்றாக இருக்கிற நாய்க்கு எப்போதாவது ஒரு டம்ளர் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதான நாயால் அதை வெளியேற்ற முடியாது, இருதயத் துடிப்பைக் கெடுத்துவிடும். வயசான நாய்க்குச் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று ரத்தம் பார்க்காமல் தெரியாது. ஆகவே தினமும் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். குடித்து முடித்த இளநீர்க் கூட்டைத் தோப்பில் கவிழ்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் கொசு அதில்தான் முட்டையிடும்.